ஒரு கை அசைய, மறு கை அடங்க: மூளையின் இரு பாதிகளுக்கு இடையிலான தடுப்பை எப்படி அளக்கிறார்கள்?

புதிதாக எழுதப் பழகும் குழந்தையின் மறு கையைக் கவனித்திருக்கிறீர்களா? வலது கை பென்சிலை இறுக்கிப் பிடித்து ‘அ’ போட்டுக்கொண்டிருக்கும். சும்மா கிடக்க வேண்டிய இடது கையின் விரல்களும் கூடவே மடங்கி விரியும். சில குழந்தைகளுக்கு நாக்கும் வெளியே வந்துவிடும்; அது வேறு கதை. பத்து வயதை ஒட்டி இந்தக் கூட்டு அசைவு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

வலது கையை அசைப்பது மூளையின் இடது பாதியில் இருக்கும் இயக்கப் புறணி, அதாவது அசைவுக் கட்டளைகள் கிளம்பும் மேலடுக்கு. இடது கைக்குப் பொறுப்பு வலது பாதி. இரண்டையும் இணைப்பது நடுவில் இருக்கும் கார்பஸ் கலோசம் என்ற தடித்த நரம்புக் கற்றை. அதில் சுமார் 20 கோடி நரம்பிழைகள் ஓடுகின்றன. ஒரு பாதி தன் கைக்குக் கட்டளை அனுப்பும்போது, இந்தக் கற்றை வழியாக மறு பாதிக்கும் ஒரு செய்தி போகிறது. அந்தச் செய்தியின் விளைவு பெரும்பாலும் தடுப்பு: மறு பாதி சற்று நேரம் அடங்கிப் போகிறது. வளர்ந்தவர்கள் ஒரு கையால் சட்டைப் பொத்தான் போடும்போது மறு கை கூடவே ஆடாமல் இருப்பதற்கும், இரண்டு கைகளும் வெவ்வேறு வேலை செய்வதற்கும் இது ஒரு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது.

சரி, மண்டையோட்டுக்குள் நடக்கும் இந்த அடக்கத்தை வெளியிலிருந்து எப்படி அளப்பது? விலங்குகளில் இது பழைய வேலை. 1962இல் அசனுமாவும் ஒகுடாவும் பூனையின் இயக்கப் புறணியின் ஒரு புள்ளியில் மின்சாரம் கொடுத்து, மறு பக்கத்தில் தனித்தனி நரம்பணுக்களைப் பதிவு செய்தார்கள். எதிர்ப்பக்கத்தில் அதே இடத்தில் சின்னத் தூண்டலும், அதைச் சுற்றிலும் அகலமான தடுப்பும் தெரிந்தன. மனிதர்களிடம் மண்டையைத் திறந்து இதைச் செய்ய முடியாது. 1980இல் மெர்ட்டனும் மார்ட்டனும் தலையின் மேல்தோலில் மின்முனைகளை வைத்து, மண்டையோட்டுக்கு வெளியிலிருந்தே இயக்கப் புறணியைத் தூண்டிக் காட்டினார்கள். முறை வேலை செய்தது, ஆனால் வலித்தது. தோலும் தசையும் எலும்பும் மின்சாரத்தின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியிருந்தது.

1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் அவருடைய சகாக்களும் அந்த வலியைப் போக்கினார்கள். அவர்கள் நம்பியது ஃபாரடே 1831இலேயே கண்டுபிடித்த விதி: மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும். மின்தேக்கியில் சேர்த்து வைத்த மின்சாரத்தை ஒரு செம்புக் கம்பிச் சுருளுக்குள் ஒரே வீச்சில் விடுகிறார்கள். சில ஆயிரம் ஆம்பியர், ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரம். கிளம்பும் காந்தப்புலம் சுருளின் பரப்பில் சுமார் 2 டெஸ்லா. எலும்பு அதற்கு ஒரு தடையே இல்லை. அது மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தை எழுப்புகிறது, நரம்பணுக்கள் கிளர்ந்து சிக்னல் அனுப்புகின்றன, எதிர்ப்பக்கக் கை வெடுக்கென்று துள்ளுகிறது. தூண்டப்படுபவருக்குத் தலையில் யாரோ லேசாகச் சுண்டியது போல இருக்கும், அவ்வளவுதான். இதையே டிஎம்எஸ் (மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து தரும் காந்தத் தூண்டல்) என்கிறார்கள். 1988இல் ஜப்பானில் உயெனோ குழு இரண்டு வளையங்களை எட்டு வடிவில் சேர்த்த சுருளைக் கொண்டுவந்த பிறகு, தூண்டும் இடத்தைச் சில சென்டிமீட்டருக்குள் சுருக்க முடிந்தது.

தடுப்பை அளக்கும் முறை 1992இல் வந்தது. லண்டன் குயின் ஸ்கொயரில் ஃபெர்பர்ட், ப்ரியோரி, ராத்வெல், டே, கோல்பாட்ச், மார்ஸ்டன் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் இன்றும் எல்லோரும் திரும்பிப் போகிற இடம். யோசனை எளிமையானது. ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு: வலது இயக்கப் புறணி மேல் ஒன்று, இடது மேல் ஒன்று.

அளவெடுப்பு நாளில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே, கையின் முதுகுப் பக்கம் புடைத்து நிற்கும் சின்னத் தசையின் மேல் மின்முனைகளை ஒட்டுகிறார்கள். இரண்டு கைகளிலும். காதில் பஞ்சு அல்லது இயர்பிளக், ஏனென்றால் சுருள் ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்று காது அதிரச் சத்தம் போடும். பிறகு ஆய்வாளர் சுருளைத் தலையில் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி, எந்த இடத்தில் வைத்தால் அந்தத் தசை அதிகமாகத் துள்ளுகிறது என்று தேடுகிறார். இடம் கிடைத்ததும் குறைந்தபட்ச வலிமையைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்துத் தூண்டலில் ஐந்திலாவது 50 மைக்ரோவோல்ட் அளவு தசைச் சிக்னல் வந்தால் அதுவே ஓய்வுநிலை வரம்பு. இதற்கே நேரம் நிறையப் பிடிக்கும்.

அப்புறம்தான் உண்மையான அளவீடு. ஒரு பக்கச் சுருளை மட்டும் தட்டி, எதிர்க்கையின் தசையில் சுமார் 1 மில்லிவோல்ட் உயரமுள்ள அலை வரும்படி வலிமையைச் சரிசெய்கிறார்கள். இது சோதனைத் தூண்டல். மூளையிலிருந்து கிளம்பி முதுகுத்தண்டு வழியாக இறங்கி அந்த அலை கைக்கு வந்து சேர ஏறக்குறைய 20 மில்லிநொடி ஆகும். இப்போது சோதனைத் தூண்டலுக்கு 10 மில்லிநொடி முன்பு, மறு பக்க மூளையை இரண்டாவது சுருளால் தட்டுகிறார்கள். சோதனைச் சுருளின் வலிமையில் எந்த மாற்றமும் இல்லை, இடத்திலும் இல்லை. ஆனால் திரையில் வரும் அலை சிறுத்துப் போகிறது. பலருக்குப் பாதியாக, சிலருக்கு அதற்கும் கீழே. முன்தட்டு இல்லாத அலைகளையும் உள்ள அலைகளையும் முன்பின் தெரியாதபடி கலந்து, ஒவ்வொன்றுக்கும் இடையே சில நொடிகள் விட்டுப் பல தடவை எடுத்து, சராசரிகளின் விகிதம் பார்க்கிறார்கள். விகிதம் 1 என்றால் தடுப்பு இல்லை. 0.5 என்றால் பாதி அடங்கிவிட்டது. 1ஐத் தாண்டினால் மறு பக்கம் தடுப்பதற்குப் பதில் தூண்டிவிடுகிறது.

ஏன் 10 மில்லிநொடி? இடைவெளியை 3, 4 மில்லிநொடி என்று வைத்தால் ஒன்றும் நடப்பதில்லை. செய்தி இன்னும் மறு கரைக்குப் போய்ச் சேரவில்லை. 6, 7 மில்லிநொடியில் தடுப்பு தலைகாட்டி, 10இல் நன்றாகத் தெரிந்து, 30 வரை நீள்கிறது. 40 மில்லிநொடி அளவிலும் ஒரு தடுப்பு உண்டு. அது வேறு இயங்குமுறையால் வருவது என்பதால் இப்போது குட்டை, நெட்டை என்று இரண்டாகப் பிரித்து அளக்கிறார்கள். நெட்டைத் தடுப்பில், காபா என்ற அடக்கும் வேதிப்பொருளை உணரும் காபா-பி ஏற்பிகளுக்குப் பங்கு இருப்பதாகத் தெரிகிறது.

இங்கே ஒரு புதிர். கார்பஸ் கலோசத்தைக் கடக்கும் நரம்பிழைகள் பெரும்பாலும் குளூட்டமேட் வெளியிடுபவை. அதாவது அவை தூண்டும் இனம். தூண்டும் இழை போய்த் தடுப்பை எப்படி உண்டாக்கும்? மறு கரையில் அவை தட்டுவது உள்ளூர்த் தடுப்பணுக்களை. அந்தத் தடுப்பணுக்கள் காபாவை வெளியிட்டு, பக்கத்திலிருக்கும் பெரிய அணுக்களை அடக்குகின்றன. ஆகவே இந்த அளவீட்டில் நாம் பார்ப்பது பாலத்தின் தரத்தை மட்டும் இல்லை; மறு கரையில் இருக்கும் தடுப்பணுக்களின் நிலையையும் சேர்த்துத்தான் பார்க்கிறோம். எண் மாறினால் இரண்டில் எது மாறியது என்று அந்த எண்ணைக் கேட்டால் அது சொல்லாது.

அடக்கம் நடப்பது மூளையிலா, முதுகுத்தண்டிலா என்ற சந்தேகம் நியாயமானது. தசையில்தானே அளக்கிறோம். வலிக்காக முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே மின்முனை பொருத்தப்பட்ட நோயாளிகளிடம் இத்தாலியில் டி லாசரோ குழு 1999இல் இதைச் சோதித்தது. மூளையிலிருந்து இறங்கி வரும் அலைவரிசையை வழியிலேயே பிடித்துப் பார்த்ததில், முன்தட்டு கொடுத்தபோது வரிசையின் பின்பகுதி அலைகள் ஏற்கெனவே சிறுத்திருந்தன. அடக்கம் நடந்தது புறணியில்தான்.

இரண்டு சுருள் முறைக்கு ஒரு எளிய தங்கை உண்டு. ஒரே சுருள். ஆனால் ஆளைச் சும்மா உட்கார விடாமல், தூண்டும் பக்கத்திலேயே உள்ள கையைப் பிடித்து அழுத்தச் சொல்கிறார்கள். உதாரணமாக வலது கை எதையோ கிள்ளிப் பிடித்தபடி இருக்கும், தட்டுவதும் வலது மூளையை. தசைச் சிக்னல் இரைச்சலாக ஓடிக்கொண்டிருக்கும்போது, தட்டிய 30 முதல் 40 மில்லிநொடிக்குள் அந்த இரைச்சல் சட்டென்று தாழும். இருபது முப்பது மில்லிநொடி கழித்துத் திரும்ப எழும். இதை ஒரே பக்க மௌன நேரம் என்கிறார்கள். மௌனம் எப்போது தொடங்கியது என்பதிலிருந்து, கைக்குக் கட்டளை இறங்கும் 20 மில்லிநொடியைக் கழித்தால், கார்பஸ் கலோசத்தைக் கடக்க எடுத்த நேரம் தோராயமாகக் கிடைக்கிறது. 10 முதல் 15 மில்லிநொடி. மூளையின் ஒரு நரம்புக் கற்றையின் வேகத்தை, கையில் ஒட்டிய மின்முனையிலிருந்து கணக்கிடுவது எனக்கு இன்றும் அழகாகத்தான் படுகிறது.

இது உண்மையில் கார்பஸ் கலோசம் வழியாக வருவதுதான் என்பதற்கு வலுவான சாட்சி 1995இல் கிடைத்தது. ஜெர்மனியில் மேயர் குழு, கார்பஸ் கலோசம் பிறவியிலேயே இல்லாதவர்களையும் அதில் சேதம் உள்ளவர்களையும் அளந்தது. கற்றை இல்லாதவர்களிடம் இந்த மௌனம் வரவில்லை. பள்ளிக்குப் போகும் வயதுக்கு முந்தைய குழந்தைகளிடமும் இது காணப்படுவதில்லை என்று 1998இல் ஹைனன் குழு காட்டியது. எழுதப் பழகும் குழந்தையின் மறு கை கூடவே ஆடுவது இத்துடன் பொருந்திப் போகிறது.

இவ்வளவு அழகான அளவீட்டில் எங்கே சறுக்கும் என்று பார்த்தால், ஏறக்குறைய எல்லா இடத்திலும். சின்னத் தலையில் இரண்டு எட்டு வடிவச் சுருள்களைச் சரியான கோணத்தில் வைக்க இடமே இருக்காது, ஒன்றையொன்று முட்டும். சுருள் சில மில்லிமீட்டர் நகர்ந்தால் அலையின் உயரம் மாறும். எதுவுமே மாறாதபோதும் ஒரே ஆளின் அலைகள் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று மடங்கு வித்தியாசப்படும். கவனம் சிதறினால் மாறும். கை லேசாக இறுகினால் மாறும். முக்கியமாக, சோதனை அலையின் உயரம் மாறினால் தடுப்பின் கணக்கும் மாறிவிடும். ஆரோக்கியமானவருக்கு 1 மில்லிவோல்ட் அலை எளிதில் வரும். பக்கவாதம் வந்தவரின் பாதிக்கப்பட்ட பக்கத்தில் அதே உயரத்துக்கு வலிமையை வெகுவாக ஏற்ற வேண்டும், அல்லது அந்த உயரமே வராது. அப்போது இரண்டு பேரின் விகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பட்டை வரைந்து ஒப்பிடுவதை எவ்வளவு நம்பலாம்? கட்டுரைகளில் இந்த எச்சரிக்கை பெரும்பாலும் முறைகள் பகுதியின் நடுவில், யாரும் நிற்காத இடத்தில் கிடக்கும்.

இந்த அளவீடு ஆய்வகத்தை விட்டு மருத்துவமனைக்குள் நுழைந்தது பக்கவாதத்தின் வழியாக. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் முராசே, டூக்கே, மஸோக்கியோ, கோஹன் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு வாசல். அவர்கள் கேட்ட கேள்வி கூர்மையானது. ஓய்வில் அளப்பதைவிட, கையை அசைக்கத் தயாராகும் அந்தக் கணத்தில் தடுப்பு என்ன ஆகிறது? ஒரு சிக்னல் கொடுத்ததும் விரலை அசைக்கச் சொல்லி, சிக்னலுக்கும் அசைவுக்கும் இடைப்பட்ட சின்ன நேரத்தில் வெவ்வேறு புள்ளிகளில் இரண்டு சுருள்களையும் தட்டினார்கள். ஆரோக்கியமானவர்களிடம், அசையப்போகும் கையின் மூளைப்பகுதி மீதான தடுப்பு அசைவு நெருங்க நெருங்கத் தளர்ந்து, கடைசியில் தூண்டலாகவே மாறியது. பக்கவாதம் வந்து நெடுங்காலம் ஆனவர்களிடம் அந்தத் தளர்வு வரவில்லை. நல்ல பாதி, காயப்பட்ட பாதியை அசைவின் விளிம்பு வரை அழுத்திக்கொண்டே இருந்தது. அழுத்தம் அதிகமாக இருந்தவர்களுக்குக் கை வேலையும் மோசமாக இருந்தது.

இதிலிருந்து எழுந்த படம் ஒரு தராசு. இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று சமமாக அழுத்திக்கொண்டிருக்கின்றன. ஒன்று அடிபட்டதும் மற்றது கனத்து இறங்குகிறது. எனவே நல்ல பாதியைக் கொஞ்சம் தணித்தால் தராசு சமநிலைக்குத் திரும்பி, அடிபட்ட பாதி தேறும். பழைய ஆதரவும் இருந்தது. 1966இல் ஸ்ப்ரேக், பார்வைப் புறணியின் ஒரு பக்கத்தை இழந்து அரைக்குருடான பூனைகளுக்கு, எதிர்ப்பக்க நடுமூளையின் ஒரு பகுதியையும் நீக்கியபோது பார்வை ஓரளவு திரும்பியதைக் காட்டியிருந்தார். அடிபட்டதன் எதிர்ப்பக்கத்தையும் அடித்தால் தேறும் என்பது விநோதமான முடிவு. விநோதமான முடிவுகளுக்கு ஒரு கவர்ச்சி உண்டு.

தணிப்பதற்குக் கருவியும் கையில் இருந்தது. நொடிக்கு ஒரு முறை என்று மெதுவாகப் பல நிமிடங்கள் டிஎம்எஸ் தட்டினால் அந்த இடத்தின் எழுச்சி சற்று நேரம் குறையும் என்று 1997இலேயே தெரிந்திருந்தது. 2005 வாக்கில் சின்னச் சின்ன ஆய்வுகள் நல்ல பாதியின் மேல் இப்படித் தட்டி, பாதிக்கப்பட்ட கை கொஞ்சம் தேறியதாகச் சொல்லத் தொடங்கின. கருத்தும் கருவியும் படமும் பொருந்திவிட்டன. அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் புனர்வாழ்வு மையங்களில் ‘சமநிலையை மீட்பது’ ஒரு வழக்கமான பேச்சானது.

பெரிய சோதனை வந்தபோது படம் ஆட்டம் கண்டது. அமெரிக்காவில் 12 மையங்களில், பக்கவாதம் வந்து 3 முதல் 12 மாதம் ஆன 199 பேரை வைத்து நடந்த நிச் (NICHE) என்ற ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளியாயின. பாதிப்பேருக்கும் மேல் உண்மையான காந்தத் தூண்டல், மற்றவர்களுக்குப் போலிச் சுருள், எல்லோருக்கும் ஆறு வாரம் கைப்பயிற்சி. ஆறு மாத முடிவில் குறிப்பிடத்தக்க அளவு தேறியவர்கள் உண்மைத் தூண்டல் குழுவில் 67 சதவீதம், போலிக் குழுவில் 65 சதவீதம். பயிற்சி பலன் தந்தது. தணிப்பு கூடுதலாக ஒன்றும் தரவில்லை. போலிச் சுருளே கொஞ்சம் தூண்டியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தது. வேறு போலிச் சுருளை வைத்து இன்னொரு சோதனை நடத்தினார்கள். விடை மாறவில்லை.

நிச் முடிவுகளுக்கு முந்தைய ஆண்டு, மக்டானலும் ஸ்டினியரும் பக்கவாதத்தில் எடுத்த டிஎம்எஸ் அளவுகளை மொத்தமாகத் திரட்டிப் பார்த்திருந்தார்கள். அடிபட்ட பாதி மந்தமாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல பாதி கனத்து எகிறியிருந்ததற்கு ஆதாரம் இல்லை. அது ஆரோக்கியமானவர்களின் மூளையைப் போலவே இருந்தது. தராசின் ஒரு தட்டு மேலே போயிருந்தது; ஆனால் மற்றத் தட்டு கனத்து இறங்கியதற்கான தடயமே இல்லை.

என் பார்வையில் இதைவிட அழுத்தமான அடி 2019இல் ஜிங் சூ, கிராகவர், செல்னிக் குழுவிடமிருந்து வந்தது. முராசே குழு செய்த அதே அளவீடு, அசைவுக்கு முந்தைய தடுப்பு. வித்தியாசம் ஒன்றுதான்: பக்கவாதம் வந்த தொடக்க நாட்களிலிருந்து ஓராண்டு வரை அதே ஆட்களைத் திரும்பத் திரும்ப அளந்தார்கள். கை மிக மோசமாக இருந்த ஆரம்ப வாரங்களில் தடுப்பு இயல்பாகவே தளர்ந்தது. தளராத நிலை தோன்றியது பின்னால், கை தேறி வந்த காலத்துக்குப் பிறகு. நோய் வந்த நாளில் இல்லாமல், தேறும்போது முளைக்கும் ஒன்றை நோய்க்குக் காரணம் என்று சொல்வது கஷ்டம். 2004இல் எடுத்த அளவு பொய்யில்லை. நெடுநாள் நோயாளிகளிடம் அது இப்போதும் அப்படியே கிடைக்கிறது. ஒரே ஒரு காலப்புள்ளியில் நின்று எடுத்த அளவுக்குக் காரணம் விளைவு என்ற வரிசையை நாம்தான் கொடுத்தோம்.

இன்னொரு ஓட்டை அளவீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது, அதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. காயப்பட்ட பாதி மீதான தடுப்பை அளக்க, அந்தப் பாதியைத் தட்டினால் கையில் ஏதாவது அலை வர வேண்டும். அலை வந்தால்தான் அது சிறுக்கிறதா என்று பார்க்க முடியும். கடுமையாக அடிபட்டவர்களிடம் அலையே வராது. ஆகவே இந்த ஆய்வுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஓரளவு தேறியவர்கள், கீழிறங்கும் பாதை இன்னும் திறந்திருப்பவர்கள். அவர்களிடம் கிடைத்த எண்ணை வைத்து, பாதை அடைபட்டுப் போனவர்களுக்கும் நல்ல பாதியைத் தணிக்கலாம் என்று நீட்டுவது ஆபத்தான தாவல். அவர்களில் சிலருக்கு நல்ல பாதிதான் மிச்சமிருக்கும் துணை. பிராட்னம் குழு 2012இல் மெல்லிய நேர்மின்னோட்டத்தால் நல்ல பாதியைத் தணித்துப் பார்த்தபோது, லேசான பாதிப்பு உள்ளவர்களுக்குக் கைக் கட்டுப்பாடு மேம்பட்டது. கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு மோசமானது. 2014இல் டி பினோ குழு, மிச்சமிருக்கும் பாதை அதிகமானால் ஒரு வழி, குறைவானால் வேறு வழி என்று இரண்டு முறைகளையும் ஒரே மாதிரியில் இணைத்துப் பார்க்கச் சொன்னது.

அளவீடு இதனால் செல்லாக் காசாகிவிடவில்லை. பன்மடங்கு ஸ்கிளீரோசிஸ் நோயில் கார்பஸ் கலோசத்தின் நரம்புறை கரையும்போது ஒரே பக்க மௌனம் தாமதமாகத் தொடங்குகிறது, நீண்டுபோகிறது. அங்கே அது நேரடியாகப் பாலத்தைப் பற்றிப் பேசுகிறது. இசைக் கலைஞர்களிடம் தடுப்பு குறைவாக இருப்பதாக ரிட்டிங் குழு 2000இல் சொன்னது. பல வருடம் இரண்டு கைகளையும் சேர்த்துப் பழக்கியதன் தடயமாக அதைப் படித்தார்கள். தொப்பியில் ஒரு கணக்கும் வலந்தலையில் வேறொரு கணக்கும் ஓட்டும் மிருதங்கக் கலைஞர்களை நாற்காலியில் உட்காரவைத்து அளந்தால் என்ன வரும் என்று எனக்கு ஆசை உண்டு.

பக்கவாதத்தில் இன்று நியாயமான பயன்பாடு கொஞ்சம் அடக்கமானது. முதல் வாரத்தில் காயப்பட்ட பாதியை ஒரு சுருளால் தட்டி, கையில் அலை வருகிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பது. இரண்டாவது சுருளும் வேண்டாம், விகிதமும் வேண்டாம். தோளை விரிக்கவும் விரலை நீட்டவும் எவ்வளவு வலு இருக்கிறது என்பதோடு இதைச் சேர்த்தால், மூன்று மாதம் கழித்துக் கை எந்த அளவு திரும்பும் என்பதை ஸ்டினியரின் ஆக்லாந்து குழு பலரிடம் சரியாகவே முன்கூட்டிச் சொல்கிறது. தணிப்புச் சிகிச்சைக்கு ஒருவரை அனுப்பும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுவே: இவருக்கு அலை வருகிறதா?